பொப்பிசைப் பாட்டைத் தனி வயலினில் வாசிப்பது: சொல் இல்லாமல் எப்படிப் பேச வைப்பது?

கோண்டாவில்வில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சங்கீத ரீச்சர் ஓய்வு பெறுகிறார். பிரியாவிடை நிகழ்வில் அவருக்குப் பிடித்த ஒரு பழைய பொப்பிசைப் பாட்டை நான் தனியே வயலினில் வாசிக்க வேண்டும் என்று பழைய மாணவிகள் கேட்டிருக்கிறார்கள். எழுபதுகளில் கிற்றாரும் பொங்கோவுமாகக் கலியாண வீடுகளில் பாடிய பாட்டுகளில் ஒன்று. பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை, சொன்னால் கதை முழுக்க அந்தப் பாட்டைப் பற்றியே போய்விடும், எனக்கு வேண்டியது வாசிக்கும் முறை.

நான் கர்நாடக முறையில் பழகியவள், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் எடுத்திருக்கிறேன். கீர்த்தனை வாசிக்கும்போது வராத ஒரு வெறுமை இந்தப் பாட்டில் வருகிறது. சுரம் சரி, சுருதி சரி, தாளம் சரி, ஆனாலும் கேட்டால் யாரோ சுரத்தை ஒப்புவிக்கிற மாதிரி இருக்கிறது. மூன்று சரணத்துக்கும் ஒரே மெட்டு வேறு. பாடும்போது சொல் மாறிக்கொண்டே போவதால் அலுப்பதில்லை, வயலினில் அதே மெட்டு திரும்ப வந்தால் இரண்டாம் தரமே ஆட்கள் போனை எடுத்துவிடுவார்கள். கரோக்கி போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பக்கவாத்தியமும் இல்லை. சுருதிப் பெட்டி மட்டும்தான். கர்நாடகமோ மேல்நாட்டு முறையோ மெல்லிசைக் குழுவோ, யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

கீபோட்பக்கம் எழுதியது:

தங்கச்சி, பொப்பிசைக்கு உயிரே கிற்றார் அடிதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? நல்ல கரோக்கி ட்ராக் ஒன்றை உங்கள் சுருதிக்கு மாற்றித் தரலாம், இப்போது அது பெரிய வேலையே இல்லை. பேஸும் தாளமும் பின்னால் போகும், நீங்கள் மேலே வாசிக்கலாம். மண்டபத்தில் இருக்கிற சனம் கை தட்ட ஒரு பிடி வேண்டாமா?

தந்திநாதம் எழுதியது:

கரோக்கி வேண்டாம் என்ற முடிவில் நில்லுங்கள் பிள்ளை. ட்ராக் ஓடத் தொடங்கினால் நீங்கள் அதற்குப் பின்னால்தான் ஓட வேண்டும். ஒரு வரியின் கடைசியில் கொஞ்சம் நின்று மூச்சு விட்டு அடுத்த வரியைத் தொடங்கலாம் என்று தோன்றும், ட்ராக் விடாது. உணர்ச்சி அந்த நிற்கிற இடங்களில்தான் இருக்கிறது.

நான் பல வருடமாக வயலின் படிப்பிக்கிறேன், மெல்லிசை வாசிக்க வருகிற பிள்ளைகளிடம் முதலில் வயலினை எடுக்க விடுவதில்லை. பாட்டின் வரிகளைக் கொப்பியில் எழுதச் சொல்வேன். சுரம் எழுதுவதற்கு முன் சொல். அப்புறம் சத்தமாக வாசிக்கச் சொல்வேன், பாடாமல், பேசுகிற மாதிரி. எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறீர்களோ அங்கே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் வில்லின் ஒரு வாக்கியம். பெரும்பாலான பிள்ளைகள் நாலு மாத்திரைக்கு ஒரு வில் என்று கணக்குப் போட்டுத் திருப்புகிறார்கள், அதனால் சொல்லின் நடுவில் வில் திரும்பிவிடுகிறது. ஒரு சொல்லை அரைவாசியில் வெட்டிவிட்டு உணர்ச்சி வரவில்லை என்று தேடினால் எங்கே வரும்?

அடுத்தது எழுத்து. தமிழில் பாடிய பாட்டு என்பதால் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நெடில் வருகிற இடத்தில் வில் நீளமாகப் போக வேண்டும், குறிலில் கொஞ்சமாக. சொல்லின் தொடக்கத்தில் வல்லினம் வந்தால் வில்லைத் தந்தியில் வைத்து ஒரு சின்ன அழுத்தம் கொடுத்துவிட்டு இழுங்கள். மெல்லினத்தில் தொடங்கினால் அந்த அழுத்தம் கூடாது, வில் ஏற்கெனவே நகர்ந்துகொண்டே தந்தியில் இறங்க வேண்டும். ‘கடற்கரை’, ‘மாமரம்’ இந்த இரண்டையும் ஒரே சுரத்தில் ஒரே தாளத்தில் வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கேட்டால் இன்னும் பழக வேண்டும். பாட்டுத் தெரிந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வாய் தானாக அசைய வேண்டும், அதுதான் அளவு.

மூன்று சரணம் ஒரே மெட்டு என்ற கவலையும் இதிலேயே பாதி தீர்ந்துவிடும். சொல் வேறு என்றால் வில்லும் வேறு. முதல் சரணத்துக்குப் போட்ட வில்லையே மூன்றுக்கும் போடுவதால்தான் மூன்றும் ஒன்றாகக் கேட்கின்றன.

சுன்னாகம்சுரம் எழுதியது:

தந்திநாதம் ரீச்சர் சொன்னதோடு ஒரு சின்ன விஷயம். வல்லினம் எல்லாம் ஒரே அழுத்தம் இல்லை. சொல்லின் நடுவில் தனியாக வருகிற க, ட, த எல்லாம் மெலிந்துதான் ஒலிக்கும், அங்கே வில்லை அழுத்தினால் முரடாக இருக்கும். க்க, ட்ட, ப்ப என்று இரட்டிக்கிற இடத்தில் வாய் ஒரு கணம் மூடி நிற்கிறதே, அந்த ஒற்றில் வில்லும் ஒரு கணம் நிற்க வேண்டும். தூக்கக் கூடாது, தந்தியிலேயே நிற்க வேண்டும். ‘பாட்டு’ என்பதில் ட்-இல் நிற்கிற வில் ‘பாடு’ என்பதில் நிற்காது. இந்த ஒன்றைச் செய்தாலே வயலின் தமிழ் பேசத் தொடங்கிவிடும்.

கோண்டாவில்வில் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கீர்த்தனையில் சாகித்தியத்தைப் பாடிக் காட்டித்தான் படிப்பித்தார்கள், ஆனால் வில்லை எழுத்தோடு சேர்த்து யோசித்ததில்லை.

இன்னொரு கேள்வி. பாட்டு வேகமானது, ஆறு எட்டு பைலா அடி. உருக்கமாக வாசிக்க வேண்டும் என்பதற்காக வேகத்தை அரைவாசியாகக் குறைக்கலாமா? யூரியூபில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாசையூர்க்காற்று எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். வேகமான பாட்டை மெதுவாக்கி, ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து, அதற்கு மேலே எக்கோ போட்டு உருக்கம் என்று சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சந்தோஷமும் உணர்ச்சிதான். எங்கள் பக்கத்தில் பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஆறு எட்டு அடிக்குள்ளேயே பகிடி இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அடியை எடுத்துவிட்டால் அது வேறு பாட்டு.

அடியை வில்லாலேயே கொடுக்கலாம். ஆறு எட்டு என்றால் உங்களுக்குத் தெரிந்த திஸ்ர நடைதான், மூன்று மூன்றாகப் போகிறது. ஒன்றிலும் நாலிலும் வில்லால் ஒரு சின்னக் கடி, இடையில் உள்ளவை லேசாக. முழு வில்லும் தேவையில்லை, நடு வில்லில் ஒரு சாண் போதும். இடையிசையில் கிற்றார் வாசித்த துண்டை விரலால் மீட்டி வாசியுங்கள். வயலினை இறக்கி மடியில் வைத்து மீட்டத் தேவையில்லை, வில்லைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சுட்டுவிரலால் மீட்டலாம். சனத்துக்கு அந்த இடம் கிற்றார் என்று உடனே விளங்கும்.

தந்திநாதம் எழுதியது:

பாசையூர்த் தம்பி சொல்வது சரி, பாட்டு முழுவதையும் மெதுவாக்குவது கூடாது. ஆனால் முதல் சரணத்தைத் தாளம் இல்லாமல், பேச்சின் வேகத்தில் ஒரு தரம் வாசிக்க இடம் இருக்கிறது. மெதுவாக என்று சொல்லவில்லை, தாளத்துக்குள் அடைக்காமல் என்று சொல்கிறேன். பேச்சுக்கு வேகமும் உண்டு, நிறுத்தமும் உண்டு. அதற்குப் பிறகு அடி தொடங்கும்போது சனத்துக்கு அந்த அடியின் அருமை தெரியும்.

பாசையூர்க்காற்று எழுதியது:

அப்படியென்றால் சரி ரீச்சர். தொடக்கத்தில் ஒரு சரணம் மட்டும் என்றால் நான் மறுக்கவில்லை.

பனிநாட்டுப்பிடில் எழுதியது:

நான் கனடாவில் மேல்நாட்டு முறையில் வயலின் பழகியவன், அம்மா கொக்குவில். பக்கவாத்தியம் இல்லாமல் முழுமையாக இருக்குமா என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். மேல்நாட்டு இசையமைப்பாளர் பாக் தனி வயலினுக்கு எழுதிய ஆறு படைப்புகளின் கையெழுத்துப்படி 1720ஆம் ஆண்டினது. துணை வாத்தியம் இல்லாமல் வாசிப்பதற்கென்றே அவற்றை எழுதினார். அதில் அவர் செய்வது இதுதான்: கீழே ஒரு சுரத்தை ஒரு கணம் தொட்டுவிட்டு மேலே மெட்டுக்குப் போய்விடுவார், அந்தக் கீழ்ச் சுரம் இன்னும் ஒலிக்கிறது என்று காது தானே நினைத்துக்கொள்ளும். பேஸ் முழுக்க வாசிக்கத் தேவையில்லை, தொட்டுக் காட்டினால் போதும்.

அக்காவின் பாட்டு பொப்பிசை என்றால் அநேகமாக மூன்று கோர்ட்தான், அதாவது சேர்ந்து ஒலிக்கிற மூன்று சுரக்கூட்டம்தான், இருக்கும். உங்கள் சுரத்தில் சொன்னால் ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி. இதில் பாருங்கள், முதலாவதில் ஸவும் பவும் இருக்கின்றன, இரண்டாவதில் ஸ இருக்கிறது, மூன்றாவதில் ப இருக்கிறது. உங்கள் வயலினில் திறந்த தந்திகள், கீழே நாலாம் தந்தியிலிருந்து மேலே முதலாம் தந்தி வரை, ஸ-ப-ஸ-ப. அதாவது மூன்று கோர்ட்டுக்கும் வேண்டிய ஒரு சுரம் விரல் வைக்காமலே உங்களிடம் இருக்கிறது! மேல்நாட்டு முறையில் தந்தி சேர்க்கிற எங்களுக்கு இந்த வசதி எல்லாச் சுருதியிலும் கிடைக்காது, பல இடத்தில் விரலை முறுக்கித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரே ஒரு கவனம். ம-த-ஸ வருகிற இடத்தில் பஞ்சமத் தந்தியைச் சேர்த்து இழுத்தால் மவும் பவும் மோதும். இரண்டாம் தந்தியில் மத்திமத்தைப் பிடித்தால் இரண்டு பக்கமும் பஞ்சமத் தந்திதான் இருக்கிறது, அதனால் தப்ப முடியாது. அந்த வரியை மட்டும் மூன்றாம் தந்தியிலேயே மேலே ஏறிப் பிடியுங்கள். அப்போது பக்கத்தில் இருக்கும் இரண்டாம் தந்தி ஸ, அது பொருந்தும். இன்னொரு லாபம், மூன்றாம் தந்தியில் மேலே ஏறினால் நாதம் கொஞ்சம் இருண்டு, தொண்டை அடைத்த மாதிரி வரும். ஏக்கமான வரி என்றால் அதுவே உதவும்.

கோண்டாவில்வில் எழுதியது:

இப்போதே எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தந்தியில் ம பிடித்து ஸவைச் சேர்த்து இழுத்தால் பாட்டில் கிற்றார் மாறுகிற அதே இடம் அப்படியே கேட்கிறது. தம்பி, மிக்க நன்றி. சுருதிப் பெட்டியில் ஸ-ப போட்டால் அதில் ப எப்போதும் ஒலிக்குமே, அதற்கு என்ன செய்வது?

பனிநாட்டுப்பிடில் எழுதியது:

பெட்டியை நிறுத்திவிடுங்கள். இரண்டு திறந்த தந்திகளை நீங்களே அடிக்கடி தொடுவதால் சுருதி காதில் இருந்துகொண்டே இருக்கும். பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தால் கோர்ட் மாறுவது தெரியாது, எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அதைவிட, நீங்கள் வில்லை நிறுத்துகிற இடத்தில் உண்மையான அமைதி வராது.

நல்லூர்வீதி எழுதியது:

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கர்நாடக வயலின் பழகிய ஒருவர் ஏன் கோர்ட் தேடிப் போக வேண்டும்? மெட்டு சங்கராபரணச் சுரங்களில் இருக்கிறது என்றால் அழகான கமகங்களை, அதாவது சுர அசைவுகளை, போட்டு, நடுவில் கொஞ்சம் ஆலாபனையும் சேர்த்தால் அதுவே உணர்ச்சிதானே? வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதன் கச்சேரி மேடையிலேயே சினிமாப் பாட்டு வாசித்தவர்தானே?

தந்திநாதம் எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை, எல்லோரும் கேட்கிற கேள்வி. குன்னக்குடி வாசித்தார், பண்டிதர்கள் சிலர் குறைப்பட்டார்கள், சனம் மண்டபம் நிறைய வந்து கேட்டது. அவர் சினிமாப் பாட்டு வாசித்ததைக் கவனித்துக் கேளுங்கள். சொல் கேட்கிறது. பாடகர் எங்கே நெளித்தாரோ அங்கேதான் நெளிவு.

சங்கராபரண வர்ணத்தில் பழகிய அசைவுகளைக் கொண்டுவந்து பொப்பிசை மெட்டில் வைத்தால் மெட்டின் முகமே மாறிவிடும். கிற்றாரோடு பாடியவர் சுரத்தை நேராக நிறுத்திப் பாடியிருக்கிறார். அந்த நேர்மைதான் அந்தப் பாட்டின் குணம். நேராக நிற்கும் சுரத்துக்கு உயிர் கொடுப்பது இடக்கையின் வேலை அல்ல, வலக்கையின் வேலை. ஒரே சுரத்தை வில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, அழுத்தத்தை மாற்றி, பிரிட்ஜுக்குக் கிட்டவும் தள்ளியும் இழுத்துப் பாருங்கள். பிரிட்ஜுக்குக் கிட்டப் போனால் கூர்மையான, உரத்த நாதம். விரற்பலகைப் பக்கம் தள்ளினால் காற்றுக் கலந்த மெல்லிய நாதம். அசைவே இல்லாமல் ஒரு நீண்ட காந்தாரத்தை இந்த மூன்றையும் வைத்து மலர வைக்கலாம். இதை நாங்கள் படிப்பிப்பது குறைவு, கமகத்திலேயே காலம் போய்விடுகிறது, அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஜாரு, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு விரலை வழுக்குவது, இருக்கிறது. அதை விடாதீர்கள். வலது கணுக்காலில் வயலினின் தலையை ஊன்றி இருந்து வாசிப்பதால் இடக்கை வயலினைத் தாங்கத் தேவையில்லை, தந்தி முழுக்க ஒரே வழுக்கில் போய்வரலாம். நின்று வாசிக்கிறவர்களுக்கு இது இவ்வளவு சுகமாக வராது. பாட்டில் இரண்டு மூன்று இடத்தில், பாடகர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற இடத்தில் மட்டும், ஜாரு போடுங்கள். எல்லா இடத்திலும் போட்டால் அதன் பெறுமதி போய்விடும்.

அளவெட்டிநாயனம் எழுதியது:

திருவிழாவில் இரவு சாமி வெளிவீதி சுற்றி முடிகிற நேரம் நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டு வாசிப்பார்களே, அதைக் கேட்டுப் பழகுங்கள். இணுவில், அளவெட்டிப் பக்கம் நல்ல வித்துவான்கள் இருக்கிறார்கள். துத்துக்காரம் போட்டு, அதாவது நாக்கால் வெட்டி, ஊதும்போது சொல் அப்படியே விழும், அகாரமாக, நாக்கு வெட்டாமல், ஊதும்போது சொல் கரைந்து ஓடும். ஒரே பாட்டில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். நீங்கள் மேலே வில்லைப் பற்றிச் சொல்வதை நாங்கள் நாக்கால் செய்கிறோம். அவர்களுக்கும் மெட்டுத் திரும்பத் திரும்பத்தான் வரும், சனம் எழும்பிப் போவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தரமும் ஒரு இடத்தையாவது வேறாகத் தொடுவார்கள்.

நல்லூர்வீதி எழுதியது:

விளங்குகிறது. ஆனாலும் ஒரு சின்ன ஆலாபனையாவது இருந்தால் ரீச்சருக்குப் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன், அவர் சங்கீத ரீச்சர் அல்லவா.

பனிநாட்டுப்பிடில் எழுதியது:

இரண்டு வழியும் சேர்ந்து வரும் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவரே சாட்சி. வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் சிறுவயதில் தந்தை வி. லக்ஷ்மிநாராயணாவிடம் வயலின் பழகியது அங்கேதான். தந்தை அங்கே இசை படிப்பித்தார், 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. கர்நாடகத்தையும் மேல்நாட்டு இசையையும் அவர் ஒரே கையில் வைத்திருக்கிறார், ஒன்றுக்காக மற்றதை விடவில்லை.

கோண்டாவில்வில் எழுதியது:

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு அமைப்பு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

சுருதி 5 கட்டை. ரீச்சர் பாடுகிற சுருதியும் அதுதான், தந்தியும் நல்ல இறுக்கமாக இருக்கும். முதல் சரணம் நாலாம் தந்தியிலும் மூன்றாம் தந்தியிலும், ஒரு ஸ்தாயி கீழே, தாளம் இல்லாமல், பேச்சு மாதிரி. திறந்த தந்தி எதையும் சேர்ப்பதில்லை, ஒற்றைக் குரல் மட்டும். அப்புறம் பல்லவியில் அடி தொடங்கும், வழக்கமான ஸ்தாயியில், ஸவும் பவும் தொட்டுத் தொட்டு. இடையிசை மீட்டல். இரண்டாம் சரணம் அடியோடு, சொல் பகிடியாக இருப்பதால் வில் துள்ளலாக. அதற்குப் பிறகு நல்லூர்வீதி அண்ணைக்காக ஒரு சின்னத் துண்டு, ஆலாபனை என்று சொல்ல மாட்டேன், மெட்டின் முதல் வரியையே விரித்து மேல் ஸ்தாயி வரை போய் இறங்குவது. மூன்றாம் சரணம் முதலாம் தந்தியில் மேலே. ஊரை விட்டுப் போகிறவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி வரிகள் அதில் இருக்கின்றன, அங்கேதான் இரண்டு ஜாருவும். பிறகு பல்லவியோடு முடிவு. முடிவுதான் இன்னும் பிடிபடவில்லை. மேல் ஷட்ஜத்தில் நீட்டி முடித்தால் நாடகத்தனமாக இருக்கிறது.

தந்திநாதம் எழுதியது:

நல்ல வடிவாக வந்திருக்கிறது பிள்ளை. மூன்றாம் சரணத்தை மேலே வாசிப்பதில் மட்டும் ஒரு யோசனை. முதலாம் தந்தியில் மேலே போகப் போக எல்லோரும் சத்தத்தைக் கூட்டுவார்கள். நீங்கள் குறையுங்கள். விரற்பலகைப் பக்கம் வில்லைத் தள்ளி, வேகமாகவும் லேசாகவும். விடைபெறுகிற வரிகளை யாரும் கத்திச் சொல்வதில்லை. பல்லவி திரும்பும்போது பிரிட்ஜுக்குக் கிட்ட வாருங்கள்.

கீபோட்பக்கம் எழுதியது:

கரோக்கி வேண்டாம் என்றால் வேண்டாம், ஒலிபெருக்கி வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மைக்கை வயலினுக்கு மிகக் கிட்ட வைக்க விடாதீர்கள், வில் உரசுகிற சத்தம்தான் முதலில் வரும். ஒரு முழம் தள்ளி, சற்று உயரத்திலிருந்து கீழே பார்க்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன ஒற்று, நிறுத்தம் எல்லாம் எக்கோவுக்குள் போய்விடும். மேடை லைட் சூட்டில் தந்தி இறங்கும், அதனால் வயலினைக் கொஞ்ச நேரம் முன்பே மேடைப் பக்கம் கொண்டுபோய் வைத்து, வாசிக்கத் தொடங்கும் முன் அங்கேயே சுருதி சேருங்கள்.

பாசையூர்க்காற்று எழுதியது:

முடிவுக்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது. மண்டபத்தில் இருக்கிற எல்லோருக்கும் அந்தப் பல்லவி தெரியும். கடைசித் தரம் நீங்கள் மெட்டை வாசிக்க வேண்டாம். முதல் அடியைத் தொடங்கிவிட்டு வில்லை உயர்த்திச் சனத்தைப் பாருங்கள், பாடத் தொடங்குவார்கள். அவர்கள் மெட்டைப் பாட நீங்கள் அடியைப் பிடியுங்கள், ஸ, ப திறந்த தந்திகளை ஆறு எட்டில் கடித்துக் கடித்து.

பனிநாட்டுப்பிடில் எழுதியது:

அருமை! பல்லவியை இரண்டு தரம் பாட விடுங்கள். முதல் தரம் அடி மட்டும். இரண்டாம் தரம் மெட்டுக்கு இரண்டு சுரம் கீழே சேர்ந்து போங்கள், அவர்கள் கவைப் பாடும்போது நீங்கள் ஸ, மவைப் பாடும்போது ரி. வரி முடிகிற இடத்தில் அவர்கள் ஸவில் நிற்பார்கள், நீங்கள் கீழே தவுக்குப் போகாமல் காந்தாரத்துக்கு ஏறிவிடுங்கள், இல்லாவிட்டால் முடிவு சோகமாகிவிடும். 5 கட்டை சனத்துக்கு உயரமா என்றுதான் பார்க்க வேண்டும். பல்லவி எதுவரை ஏறுகிறது அக்கா?

கோண்டாவில்வில் எழுதியது:

மந்தர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய ஸ்தாயித் தைவதம் வரைதான், அதற்கு மேல் போவதில்லை. பெண்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிவிடுவார்கள். ரீச்சர் முன்வரிசையில்தான் இருப்பார், அவர் தொடங்கினால் எல்லோரும் தொடங்கிவிடுவார்கள்.

தந்திநாதம் எழுதியது:

அப்படியென்றால் 5 கட்டையே இருக்கட்டும். அந்தக் கீழ்க்குரலைச் சனத்தோடு சேர்ந்து வாசிப்பதை வீட்டில் யாரையாவது பாடச் சொல்லிப் பழகுங்கள், தனியே பழகினால் மேடையில் மெட்டுப் பக்கம் கை இழுக்கும்.

கோண்டாவில்வில் எழுதியது:

ஓம் ரீச்சர், தங்கச்சியைப் பாடச் சொல்லி இன்று பின்னேரமே தொடங்குகிறேன். ரெக்கோர்டிங் எடுத்தால் இங்கே போடுகிறேன்.